வடக்கன்குளத்தில் மாணவரான குருவானவர்



பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குச் செல்லும்போது, துறையை அணுகும் முன்னர் கரம்பொன் என்னும் ஊர் வரும். தீவகத்தைச் சேர்ந்த உங்களுக்கு அது புதிய இடமன்று. அவ்வூரில் பிறந்த குருவானவர் ஒருவரின் வாழ்வை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து நினைவுகூர விரும்புகின்றேன். தனிநாயகம் அடிகளார் என்றதும் உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளும் மேடைகளும் மாலைகளுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. நம் பிள்ளைகள் பள்ளியில் அவரைப் பற்றி எழுதும் கட்டுரைகளும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. ஆனால் அம்மேடைகளுக்கெல்லாம் முன்னர், உலகம் போர்த்தீயில் வெந்துகொண்டிருந்த ஐந்து ஆண்டுகளை அவர் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் கழித்தார். அந்த ஆண்டுகளைப் பற்றியே சற்று நிதானமாகச் சொல்ல எண்ணுகின்றேன்.

அவர் பிறந்தது 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள். தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். தாயார் கரம்பொன்னைச் சேர்ந்தவர். ஆகவே இரண்டு தீவுகளுக்கும் அவர் பிள்ளை. ஞானஸ்நானத்தில் அவருக்குக் கிடைத்த பெயர் சேவியர். தனிநாயகம் என்பது அவர் பின்னாளில் விரும்பி ஏற்றுக்கொண்ட பெயர். நெடுந்தீவில் குடியேறியவராக யாழ்ப்பாண வைபவமாலை கூறும் தனிநாயக முதலியின் பெயரை நெடுந்தீவு மக்கள் அறிவார்கள். புனித சவேரியாரின் பெயரோடு அத்தீவின் பழம்பெயரையும் சேர்த்துச் சுமந்தார் நம் அடிகளார். அந்தப் பெயர்ச் சேர்க்கையே அவருடைய வாழ்வின் சுருக்கம் என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு.

ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியில் தொடக்கக் கல்வி. பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. 1931இல் கொழும்புப் புனித பேர்னாட் குருமடத்திற் சேர்ந்தார். 1934இல் உரோமாபுரிக்குச் சென்று, உலகின் பல நாடுகளிலிருந்து வரும் குருமாணவர் ஒன்றுகூடிப் பயிலும் உர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றார். 1938இல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். மூன்றாம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆயராக இருந்து மறைசாட்சியாக உயிர்நீத்த புனித சிப்பிரியானின் காலத்துக் குருக்களைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். இலத்தீனும் இத்தாலியமும் நாவிற் பழகின. ஆங்கிலமோ பள்ளிப் பருவம் முதலே கைவந்த மொழி. அக்காலத்து யாழ்ப்பாணத்துப் பெருங் கல்லூரிகளில் பயின்ற பிள்ளைகளுக்கு ஆங்கிலமே அறிவின் வாயிலாக இருந்தது. தமிழோ வீட்டு மொழியாகவும் வீதி மொழியாகவும் இருந்தது. சங்க நூல்களையோ இலக்கணத்தையோ முறையாகக் கற்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை.

அன்பார்ந்தவர்களே, இதை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. இருபத்தாறு வயதில், மேலைநாட்டு மொழிகள் பலவற்றைக் கற்று, உரோமாபுரியின் பட்டத்தோடு திரும்பும் ஓர் இளங்குரு. அவருடைய திருநிலைக்கு ஒரு குறையுமில்லை. அறிவுக்கும் குறையில்லை. தம் மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே ஆண்டவருடைய வார்த்தையை எடுத்துரைக்க வேண்டிய நாவுதான் இன்னும் ஆயத்தமாகவில்லை. எரியும் முட்செடியின் முன் நின்ற மோயீசன், தாம் திக்கு வாயும் மந்த நாவும் உடையவர் என்று ஆண்டவரிடம் முறையிட்டதை விடுதலைப் பயண நூலில் வாசிக்கின்றோம். மோயீசனுக்கு ஆரோன் துணையாக வந்தார். கரம்பொன் சேவியருக்கு வந்த துணை வேறு வகையானது.

1939 செப்டெம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டிலேயே அவர் உரோமாபுரியை விட்டுப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூனில் இத்தாலியும் போரில் குதித்தது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பாமல், தமிழகத்தின் தூத்துக்குடி மறைமாவட்டத்திற் பணிபுரியச் சென்றார். நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1542இல், புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கிய முத்துக்குளித்துறைதான் அது. அந்தப் புனிதரும் அங்கே தமிழறியாதவராகவே வந்தார். தமிழறிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனனஞ் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அவர் பெயரைத் தாங்கிய நம்மவரும் அதே கரையில் தமிழுக்காகத் தவித்து நின்றார் என்பதில் இறைவனுடைய விளையாட்டு ஒன்று இருக்கத்தான் செய்கின்றது.

போர் எழுத்தாளர்களை உருவாக்கும் என்பார்கள். ஆங்கில இலக்கியத்தில் அதற்குச் சான்றுகள் பல. அவற்றுள் நம் திருச்சபையைச் சேர்ந்த ஒருவரை மட்டும் இங்கே நினைத்துக்கொள்வோம். டோல்கீன் என்னும் அவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கத்தோலிக்கக் குரு ஒருவரின் பாதுகாப்பில் வளர்ந்தவர். முதல் உலகப் போரில் 1916ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் சோம் போர்முனையில் பணியாற்றினார். நால்வராக இருந்த பள்ளித் தோழர் குழுவில் இருவர் அவ்வாண்டிலேயே மடிந்தனர். இவர் பதுங்குகுழிக் காய்ச்சலுடன் தாயகம் திரும்பினார். நோயுற்றுக் கிடந்த அந்த நாட்களில் எழுதத் தொடங்கிய கதைகளிலிருந்துதான் அவருடைய பெரும் படைப்புகள் கிளைத்தன. அவரும் மொழிகளின்மேல் தீராக் காதல் கொண்டவரே. அவருக்குப் போர் தோளில் துப்பாக்கியைக் கொடுத்தது. அடுத்த உலகப் போரின் ஆண்டுகளிலோ, நம் தீவகக் குருவின் கையில் ஏடும் எழுதுகோலும் வந்து சேர்ந்தன.

தூத்துக்குடி ஆயர் அவரை 1940இல் வடக்கன்குளத்துப் புனித திரேசாள் உயர்நிலைப் பள்ளிக்குத் துணைத் தலைமையாசிரியராக அனுப்பினார். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், மேற்குத்தொடர்ச்சி மலை முடியும் இடத்துக்கு அருகே உள்ள பழங் கிறிஸ்தவ ஊர் அது. திருவாங்கூர் அரசவையில் அலுவலராயிருந்த நீலகண்டபிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது அவ்வூரில்தான். ஏழாண்டுகளின் பின் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டு மறைசாட்சியான அவரை, 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு புனிதராக உயர்த்தியதை நீங்கள் அறிவீர்கள்.

உரோமாபுரியிலிருந்து நேரே வடக்கன்குளத்துக்கு! உலக வழக்கில் பார்த்தால் அது ஓர் இறக்கமே. பேராலயங்களையும் நூலகங்களையும் விட்டு வந்தவருக்கு இங்கே பள்ளி மணியும், வருகைப் பதிவேடும், பிள்ளைகளின் குறும்பும். போதாக்குறைக்குப் போர்க்காலம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தாளுக்கும் தட்டுப்பாடு. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பலாலியில் விமானத்தளம் அமைந்ததும் அந்தப் போரை முன்னிட்டே. கடலுக்கு அப்பால் தாய்மண் இவ்வாறு அஞ்சிக்கொண்டிருக்க, அவர் பள்ளிப் பணியில் இருந்தார். குண்டுவீச்சில் பிறர் மேல் கொண்ட அச்சம் என்னவென்று தீவகத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1990இல் வீட்டையும் கோயிலையும் விட்டு வெளியேறியவர்கள் உங்களுள் எத்தனை பேர்!

அந்தப் பள்ளியில் அவர் செய்த செயல் ஒன்றுதான் பின்னர் நடந்தவை அனைத்துக்கும் வித்தாயிற்று. தமக்குத் தமிழ் இலக்கியம் தெரியாது என்பதை ஒளிக்காமல், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் அவர் மாணவராக அமர்ந்தார். பள்ளியின் நிர்வாகத்தில் பண்டிதருக்கு மேலான பதவியில் இருந்தவர் அவர், பட்டங்களாலும் உயர்ந்தவர். ஐயரோ இந்து சமயத்தவர். இருந்தும் பாடவேளையில் ஆசானும் மாணவனும் என்ற உறவே நின்றது. இலக்கணமும் இலக்கியமும் சிறுகச் சிறுக, ஆண்டுக் கணக்கில் கற்றார்.

குருத்துவ அங்கியணிந்த ஒருவர், பகலிற் பள்ளியை நடத்திவிட்டு, ஓய்வுப் பொழுதில் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். நாம் பாவங்களை ஒப்புக்கொள்ளப் பழகியிருக்கின்றோம். அறியாமையை ஒப்புக்கொள்ள நமக்கு எவ்வளவு கூச்சம்! மறையுரையில் ஒரு சொல் தவறினாலும் யாரும் கேட்கப் போவதில்லை, மக்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று அவர் இருந்திருக்கலாம். பல குருக்கள் அப்படி இருந்து நல்ல மேய்ப்பர்களாகவே வாழ்ந்து மறைந்தார்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இவரால் அப்படி இருக்க முடியவில்லை. அவ்வளவே.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், முப்பத்திரண்டு வயதில், சிதம்பரத்துக்கு அருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவரானார். தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் போன்ற பேரறிஞர்களின் வழிகாட்டலில் தமிழ் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் சங்கப் பாடல்களில் இயற்கை என்னும் பொருள்பற்றி ஆராய்ந்து இலக்கிய முதுமாணிப் பட்டமும் பெற்றார். அவ்வாய்வை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். 1966இல் அது நிலக்காட்சியும் கவிதையும் என்று பொருள்படும் தலைப்போடு விரிந்த நூலாக வெளிவந்தது. கிரேக்க, இலத்தீன் கவிஞர்கள் இயற்கையைப் பார்த்த விதத்தையும் நம் பழம்புலவர்கள் பார்த்த விதத்தையும் அவர் அருகருகே வைத்துக் காட்டினார். உரோமாபுரியில் கற்றதும் வீணாகவில்லை, பாருங்கள்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ளுணர்வைப் பொருத்தியவர்கள் நம் முன்னோர். நெய்தல் கடலும் கடல்சார்ந்த இடமும். அதற்குரிய உணர்வு இரங்கல். கடலுக்குச் சென்றவர் திரும்பும்வரை கரையில் காத்திருப்போரின் கவலை. தாழையும் புன்னையும், கழியும் உப்பும், வலையும் தோணியும் அப்பாடல்களின் பொருள்கள். ஊர்காவற்றுறைக் கரையில் வளர்ந்த ஒருவர் அவற்றை முதன்முதலாகப் பொருளறிந்து படித்தபோது, தம் வீட்டு முற்றத்தையே ஏட்டில் கண்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். நெடுந்தீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் துறையில் காற்று ஓயும்வரை காத்திருந்த எவருக்கும் நெய்தலுக்கு உரை வேண்டியதில்லை.

பின்னர் வந்தவை உங்களுக்குத் தெரிந்தவை, விரைந்து சொல்லிவிடுகின்றேன். 1949இல் தொடங்கி நாடு நாடாகச் சென்று தமிழைப் பற்றி விரிவுரையாற்றினார். 1952இல் தமிழ்ப் பண்பாடு என்று பொருள்படும் பெயரில் ஆங்கிலக் காலாண்டிதழ் ஒன்றைத் தொடங்கினார். தமிழறியாத அறிஞர் உலகுக்குத் தமிழின் நிலையைச் சொல்லிய இதழ் அது. அதே ஆண்டில் தமிழ்த்தூது என்னும் அவரது நூலும் வெளிவந்தது. சீயத்து அரச சடங்கொன்றில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை ஓதப்படுவதைத் தமிழருக்கு எடுத்துச் சொன்னவர்களுள் இந்தக் கத்தோலிக்கக் குருவும் ஒருவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராயிருந்தார். இடையே இலண்டனில், பழந்தமிழ் இலக்கியத்திற் காணப்படும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார்.

ஆனால் ஒன்றை மட்டும் விரைந்து சொல்ல மனம் வரவில்லை. ஐரோப்பாவுக்குச் சென்றபோதெல்லாம் அவர் பழைய நூலகங்களைத் தேடிச் சென்றார். அங்கே உறங்கிக் கிடந்த தமிழ்க் கையெழுத்துப் படிகளையும் அச்சு நூல்களையும் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் 1554இல் அச்சிடப்பட்ட சிறு நூல் ஒன்று உண்டு. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்துகளில் அச்சிட்ட நூல் அது. தமிழ் எழுத்துகளிலேயே கொல்லத்தில் 1578இல் அச்சான தம்பிரான் வணக்கம், அண்டிரிக் அடிகளாரின் உழைப்பு. அவரே உருவாக்கி 1586இல் அச்சேறிய புனிதர் வரலாறு வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. புரோவென்சா அடிகளார் தொகுத்து 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியும் அங்கேயே இருந்தது. அந்த அகராதியைத் தனிநாயகம் அடிகளார் 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக மீண்டும் பதிப்பித்தார்.

அந்த 1554ஆம் ஆண்டு நூலில் இருப்பவை என்ன தெரியுமா? நீங்கள் நேற்றிரவு குடும்பமாக முழந்தாளிட்டுச் சொன்னவைதாம். கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், விசுவாசப் பிரமாணம். தமிழ் முதன்முதலில் அச்சேறியது ஒரு செபப்புத்தகமாக. அதைப் போலவே, புனிதர் வரலாறுகளைத் தமிழில் அச்சிட்டுக் குடும்பங்களின் கையிற் கொடுக்கும் வழக்கமும் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. ஞாயிறுதோறும் இத்தகைய பகுதிகளில் எழுதும் எங்களைப் போன்றோருக்கு அண்டிரிக் அடிகளார் ஒருவகையில் மூதாதை.

இன்று உங்கள் மக்களும் பேரப்பிள்ளைகளும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருக்கின்றார்கள். கைத்தொலைபேசியின் திரை வழியாக அவர்களும் செபமாலையிற் சேர்ந்துகொள்கின்றார்கள். பாட்டி தமிழிற் தொடங்க, பேத்தி வேறொரு மொழியில் முடிக்கும் வீடுகள் எத்தனையோ. அந்தப் பிள்ளைகள் தமிழ்ச் செபங்களை ஆங்கில எழுத்திலே எழுதிவைத்து வாசிக்கின்றார்கள் என்று பெரியவர்கள் சிலர் மனம் வருந்துவார்கள். லிஸ்பனில் 1554இல் தமிழ்ச் செபங்கள் முதன்முதலில் அச்சானதும் அப்படித்தானே என்று அவர்களிடம் சொல்லத் தோன்றும். இருபத்தேழு வயதுக்கு மேல் முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கிய ஒருவரின் ஊர்க்காரர்கள் நாம்.

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டபோது அடிகளார் வாளாவிருக்கவில்லை. தமிழரின் மொழியுரிமைக்காக எழுதினார், பேசினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைவராகக் கோலாலம்பூர் சென்றார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகக் கீழைத்தேயவியல் அறிஞர்கள் கூடியபோது, வ.அய்.சுப்பிரமணியம் முதலிய அறிஞர்களோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தார். மன்றத்தின் தலைவராகப் பிரான்சு நாட்டு அறிஞர் பிலியோசா தெரிவானார். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளராயினர். தலைமைப் பீடத்தைப் பிறருக்கு விட்டுவிட்டு, கடிதம் எழுதும் வேலையைத் தாம் எடுத்துக்கொண்ட அந்தப் பழைய மாணவரை இங்கேயும் காண்கின்றோம். 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ் என மாநாடுகள் நடந்தன.

நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்திற் கூடியது. தாம் பள்ளிச் சிறுவனாகத் திரிந்த நகருக்கு உலகத்து அறிஞர்கள் வருவதைக் காணும் பேறு அடிகளாருக்குக் கிட்டியது. வீதியெங்கும் தோரணங்கள், அலங்கார ஊர்திகள். மாநாட்டை அடுத்து ஜனவரி 10ஆம் நாள் இரவு நடந்த பொதுக்கூட்டத்திற் பொலிசார் புகுந்ததையும், கண்ணீர்ப்புகையும் துப்பாக்கி வேட்டும் கிளம்பியதையும், மின்கம்பி அறுந்து விழுந்ததையும், கேட்க வந்த மக்கள் பிணமாகக் கிடந்ததையும் அன்று அங்கிருந்தவர்கள் மறக்கவில்லை. அறிவுக்காகவும் நட்புக்காகவும் உலகெங்கும் அலைந்த ஒருவரின் வாழ்வில், விழா தம் சொந்த நகருக்கு வந்த வேளையிலே அந்த இரவு நேர்ந்தது. அவர் அருளடையாளங்களின் பணியாளர். பலி என்ற சொல்லை ஒவ்வொரு காலையும் பலிபீடத்தில் நின்று உச்சரித்தவர். அந்த இரவுக்குப் பின் அச்சொல் அவருக்கு எப்படி ஒலித்திருக்கும் என்பதை நான் எழுத்தில் வடிக்க முற்படவில்லை.

முதுமையில் அவர் வெளிநாட்டில் தங்கிவிடவில்லை. அழைக்கும் பல்கலைக்கழகங்கள் இருந்தன, நண்பர்கள் இருந்தனர், மொழிகள் பல நாவில் இருந்தன. எனினும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் பண்டத்தரிப்பில் வாழ்ந்தார். உடல்நலம் குன்றியிருந்த காலத்திலும், 1980 ஏப்ரலில் தந்தை செல்வநாயகம் நினைவுப் பேருரையை ஆற்றினார். அவ்வாண்டு செப்டெம்பர் முதலாம் நாள் ஆண்டவரிடம் சென்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவர் மறைந்தபின் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது.

ஐந்தாவது மாநாடு நான்கு மாதங்கள் கழித்து, 1981 ஜனவரியில் மதுரையிற் கூடியது. அறிஞர்கள் வந்திருந்தார்கள், மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டிருந்தார்கள். அழைப்புக் கடிதங்களை எழுதத் தொடங்கிவைத்த குருவானவர் மட்டும் அங்கே இல்லை. அவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஐயரிடம் ஏடு திறந்த வடக்கன்குளம், மதுரையிலிருந்து ஒரு பகற்பொழுதுப் பயணந்தான்.